ஸ்பூனம்மாவின் முழங்கை

கிண்ணத்தில் இருந்த மசியலை அவள் ஸ்பூனின் முதுகால் அழுத்திப் பார்த்தாள். கட்டி இல்லை. ஸ்பூனைச் சாய்த்தபோது சட்டென்று வழியவும் இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. மெதுவாக நழுவி விழுந்தது. அதுதான் பதம். எதிரே தலையணைகளை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்த பெரியவர் ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர். இப்போது எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார். அவள் அவர் முகத்துக்கு நேராக ஸ்டூலில் உட்கார்ந்து, வலது முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை அடக்கி, ஸ்பூனைக் கீழிருந்து கொண்டுபோனாள். அரை ஸ்பூன்தான். உதடு மூடியது. குரல்வளை ஏறி இறங்கும்வரை அதையே பார்த்திருந்தாள். வெறும் வாயை இன்னொரு தரம் விழுங்கச் சொன்னாள். அதற்கப்புறம்தான் அடுத்த அரை ஸ்பூன்.

முதியோர் இல்லத்தில் அவளுக்கு இதுதான் வேலை. குளிப்பாட்டவும் துணி மாற்றவும் ஆட்கள் இருந்தார்கள். விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு ஊட்ட அவள் ஒருத்திதான். சமையல்காரர் வைத்த பெயர் ஸ்பூனம்மா. முதலில் கேலிக்குச் சொன்னது, பிறகு மேட்ரன் வாயிலும் அதுவே வந்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு யாராவது வந்தால் வாசலில் இருப்பவர் அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பிவிடுவார்.

இந்த வேலைக்கு அவளைத் தள்ளியது அவளுடைய அக்கா. கல்யாணப் பேச்சு ஒன்றும் கைகூடாமல் போன காலத்தில், "மாப்பிள்ளை வரும்போது வரட்டும், நீ ஒரு தொழிலைக் கத்துக்க" என்று பராமரிப்புப் பயிற்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மாப்பிள்ளை வரவேயில்லை. தொழில் வந்தது. அங்கே ஊட்டச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை கறாரானவர். மடித்த கைக்குட்டையை ஒவ்வொருத்தியின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகிவிடுவார். ஊட்டி முடிக்கும்வரை அது கீழே விழக் கூடாது. விழுந்தால் கிண்ணத்தை வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கிற கை ஆடும், ஆடுகிற ஸ்பூன் பல்லில் இடிக்கும், இடிபட்ட வாய் கடிக்கும் என்பது அவர் பாடம். கைக்குட்டையை எடுத்துவிட்ட பிறகும் ஸ்பூனம்மாவின் முழங்கை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தலை வாரும்போதும், கதவைத் தட்டும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அது விலாவோடுதான் இருந்தது.

அவள் ஐம்பதைத் தாண்டிய பிறகு நடுக்கம் வந்தது. முதலில் டம்ளரில் தண்ணீர் தளும்பியது. பிறகு சாவித் துவாரத்தைச் சுற்றிச் சாவி அலைந்தது. கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு காரியத்துக்கு நீட்டினால்தான் ஆட்டம். காரியம் நெருங்க நெருங்க ஆட்டமும் கூடும். அவளுடைய அப்பாவுக்கும் இதே கை. "அப்பா விட்டுட்டுப் போன சொத்து. மூத்தவ நான் இருக்கேன், முழுசா உனக்கே எழுதி வெச்சிட்டாரு பாரு" என்று அக்கா சிரித்தாள். அப்போது அக்காவுக்குப் பேச்சு இருந்தது.

இல்லத்தில் கொஞ்ச காலம் சமாளித்தாள். முழங்கையை இன்னும் இறுக்கினாள், இடது கையால் மணிக்கட்டைத் தாங்கினாள். மேட்ரன் கண்ணில் படாமல் எத்தனை நாள் ஓடும்? பேருந்துக்காரரின் பல்லில் ஸ்பூன் மோதிய சத்தம் அடுத்த அறைவரை கேட்ட அன்று, மேட்ரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கோபப்படாமல், துணி மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார். அதற்காக ஸ்பூனம்மா மேட்ரனைக் குறை சொன்னதில்லை. தான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். பெயர் மட்டும் ஸ்பூனம்மா என்றே நின்றது.

வீட்டில் அவளை மாற்ற யாரும் இல்லை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலோரக் கட்டிலில் அக்கா. ஜெராக்ஸ் கடை நடத்திய காலத்தில் அந்தத் தெருவையே வாயால் ஆண்டவள். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோனது. விழுங்குவதிலும் பாதி போயிற்று. மிச்சம் இருந்தது இடது கை ஒன்று. அதை வைத்துக்கொண்டு அக்கா பழையபடியே ஆண்டாள். இரண்டு தரம் தட்டினால் தண்ணீர். விரலைச் சுண்டினால் எழுந்து போ. உள்ளங்கையை மல்லாத்தி ஒரு உதறு உதறினால், இதெல்லாம் ஒரு சமையலா என்று அர்த்தம். அது பெரும்பாலும் அவள் மகளுக்குக் கிடைக்கும். மகள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், பகலெல்லாம் நின்று கால் வீங்கி வருகிறவள். அம்மாவின் உதறலைப் பார்த்து, "பேச முடியாதப்பவே இப்படி. வாய் இருந்திருந்தா நான் வீட்டை விட்டே ஓடியிருப்பேன்" என்பாள்.

ஸ்பூனம்மாவின் கவலை ஒன்றே ஒன்று. கை ஊட்ட ஆகாமல் போனால் அக்காவுக்கு மூக்கு வழியாக டியூப் போடுவார்கள். டியூபைப் பற்றி அவளுக்கு அருவருப்போ பயமோ கிடையாது. எத்தனையோ பேருக்கு அதன் வழியாக ஊற்றியிருக்கிறாள். அதற்கப்புறம் நடப்பதும் அவளுக்குத் தெரியும். மூக்கில் உறுத்துகிற எதையும் புத்தி தடுமாறியவர்களும் பிடுங்குவார்கள், பிடிவாதக்காரர்களும் பிடுங்குவார்கள். பிடுங்கினால் கையைக் கட்டுவார்கள். இல்லத்தில் கட்டிய கைகளை அவள் வரிசையாகப் பார்த்திருக்கிறாள். மற்றவர்களுக்குக் கட்டினால் அது கை. அக்காவுக்குக் கட்டினால் வாயையும் சேர்த்துக் கட்டின மாதிரி.

மாத்திரைகள் பார்த்தாயிற்று. ஒன்று அவளுடைய மூச்சிளைப்புக்கு ஆகாது என்றார்கள். இன்னொன்று நடுக்கத்தை விட்டுவிட்டு அவளைத் தூங்கவைத்தது. மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். படுத்துவிட்டால் அக்காவை யார் பார்ப்பது என்று அதை அவள் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் நரம்பு டாக்டர் ஊசியைப் பற்றிச் சொன்னார். போட்டுலினம் டாக்ஸின் என்று பெயர். அது விஷம்தான் என்பதை டாக்டரே மறைக்காமல் சொன்னார். துளியளவு தசைக்குள் போட்டால் அந்தத் தசை கொஞ்சம் சோர்ந்து போகும், ஆட்டமும் சோரும். மூன்று மாதம்போல நிற்கும், மறுபடி போட வேண்டும்.

"ஆனா இது எல்லாருக்கும் கேக்காதும்மா" என்றார் டாக்டர். நடு வயதுப் பெண், வேகமாகப் பேசினாலும் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவர். "மணிக்கட்டு மட்டும் மேலயும் கீழயும் ஆடுதுன்னா நல்லா அடங்கும். தோள்ல இருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் ஆடுதுன்னா அடங்காது, பலம்தான் குறையும். முன்னெல்லாம் போட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவோம். இப்ப மிஷின் வெச்சு, யாருக்குப் பலன் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காதுன்னு முன்னாடியே பாத்துடறோம்."

சோதனை அறை குறுகலானது. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கணினி. சோதனை எடுக்கும் பெண் தீப்பெட்டி மாதிரியான சின்னப் பெட்டிகளை அவளுடைய புறங்கையிலும், முன்கையிலும், மேல்கையிலும், தோளிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். எந்த மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்று அவை சொல்லும். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அந்தப் பெண்ணின் சாப்பாட்டுப் பை திறக்காமல் மேஜைக்கடியில் கிடந்தது. கையை மடியில் வைக்கச் சொன்னாள். முன்னால் நீட்டச் சொன்னாள். காலி டம்ளரைப் பிடிக்கச் சொன்னாள், பிறகு தண்ணீர் டம்ளரை. ஸ்பூனம்மாவின் இடது கை வழக்கம்போல மணிக்கட்டைத் தாங்கப் போனபோது அதைத் தடுத்து, இறக்கிவைக்கச் சொன்னாள்.

"டெஸ்டுன்னு நினைச்சு விறைச்சுக்காதீங்கம்மா. வீட்ல எப்படிச் செய்வீங்களோ அப்படி இயல்பாச் செய்ங்க."

ஸ்பூனம்மா இயல்பாகச் செய்தாள். டம்ளரை எடுத்த அந்த நொடியே முழங்கை விலாவில் போய் ஒட்டிக்கொண்டது, மூச்சு அடங்கியது. இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள் என்றபோது முன்கைதான் நீண்டது, மேல்கை இருந்த இடத்தில் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. உட்காரும்போது முட்டி மடங்குவதை யாராவது கவனிப்பார்களா? இதுவும் அப்படித்தான். சோதனை எடுத்த பெண் கணினியைப் பார்த்தாள். தோள் அமைதி. முழங்கை அமைதி. மணிக்கட்டு மட்டும் மேலும் கீழும் அடித்தது. அவளுக்கே சந்தோஷம். "நல்ல நடுக்கம்மா உங்களுக்கு. இந்த மாதிரிதான் நல்லாக் கேக்கும்" என்றாள். நடுக்கத்தில் நல்ல நடுக்கம், கெட்ட நடுக்கம் என்று இருப்பது ஸ்பூனம்மாவுக்குப் புதிய சேதி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

ஊசி போட்ட மறுநாள் துணி அறை வாசலில் சமையல்காரர் வந்து நின்றார். சினிமாக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போடுவதும் இதே மருந்துதான் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"அப்போ இனி உங்க கைக்கு மட்டும் வயசு குறைஞ்சுக்கிட்டே வருமா? கையைப் பொண்ணு கேட்டு யாராச்சும் வந்தா என்ன சொல்றது?"

"சமைக்கத் தெரிஞ்சவனான்னு கேளுங்க" என்றாள் அவள், போர்வையை மடித்தபடி. "உங்களை மாதிரின்னா வேணாம்னு அனுப்பிடுங்க."

வாரம் ஒன்று போல ஆனதும் கை அடங்கியது. அவள் கதவைப் பூட்டினாள், சாவி நேராகப் போய் இறங்கியது. டம்ளரை நிறைத்துத் தூக்கிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அக்காவுக்கு ஊட்டியபோது ஸ்பூன் ஒரு தரம்கூடப் பல்லில் படவில்லை. அக்கா கிண்ணத்தை முடித்தாள். முடித்துவிட்டு இடது கையால் தங்கையின் வலது மணிக்கட்டைப் பிடித்து, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "என்ன அக்கா, வாங்குறியா?" என்றாள் ஸ்பூனம்மா. அக்கா உள்ளங்கையை மல்லாத்தி ஒரு உதறு உதறினாள். பார்த்துக்கொண்டிருந்த மகளும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த மாதிரி நாட்கள் கொஞ்சம்தான் கிடைத்தன.

பிறகு நடு விரல் தொங்க ஆரம்பித்தது. நீட்டு என்றால் நீளவில்லை. அடுத்த விரலும் சேர்ந்துகொண்டது. ஜாக்கெட் கொக்கியை மாட்ட அக்கா மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஸ்பூன் கைக்குள் நிற்காமல் திரும்பிக்கொண்டு மசியலை மடியில் கொட்டியது. அது விழாமல் இருக்க முழுக் கையையும் இறுக்கினாள். இறுக்கியதும் தோளிலிருந்து புதிதாக ஒரு ஆட்டம் கிளம்பியது. புதிது என்று அவள்தான் நினைத்தாள். முழங்கையை விலாவில் எவ்வளவு அழுத்தினாலும், பிடித்து நிறுத்த விரலில் பலம் இல்லாததால், அது விலாவையும் சேர்த்து ஆட்டியது. அக்கா வாயைத் திறந்து காத்திருப்பாள். ஸ்பூன் வந்து கன்னத்தில் படும்.

அக்கா மகள் ஊட்டிப் பார்த்தாள். அக்கா இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவதற்கு உதட்டை இறுக்கிக்கொள்வாள். வற்புறுத்தினால் கிள்ளுவாள். ஸ்பூனம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, கீழிருந்து கொண்டுபோ, முழுங்குற வரைக்கும் பொறு, உன் முழங்கை எங்கே நிக்குது பாரு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அக்கா மகள் கிண்ணத்தை வைத்துவிட்டாள்.

"சித்தி, நான் ஊட்ட வர்றப்ப எல்லாம் குறை சொல்லிச் சொல்லிப் பிடுங்கிக்குவே. எத்தனை வருஷம்? இப்ப அவ என் கைல வாங்க மாட்டேங்குறான்னா யாரு காரணம்?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்பூனம்மா கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

குறித்த தேதிக்கு டாக்டரிடம் போனபோது கையை நீட்டச் சொன்னார்கள், பெட்டிகளை ஒட்டினார்கள். விரல் பலம் இல்லாத கை பழைய இடத்தில் அடங்கி நிற்கவில்லை. கணினியில் தோளும் முழங்கையும் தாறுமாறாகத் துள்ளின. சோதனை எடுத்த பெண்ணின் முகம் மாறியது. பெட்டிகளைக் கழற்றி வேறு பெட்டிகளை ஒட்டிப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நடுக்கம் ஆடும் விதம் ஒரு மாதத்துக்குள் இப்படி மாறாது என்றார். வீட்டில் எப்படி ஊட்டுவாள் என்று செய்து காட்டச் சொன்னார். ஸ்பூனம்மா பையிலிருந்து ஸ்பூனை எடுத்தாள், நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்தாள், முழங்கையை விலாவில் ஒட்டி மூச்சை அடக்கினாள். டாக்டர் குனிந்து, அவளுடைய முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து, விலாவிலிருந்து மெதுவாக விலக்கிவிட்டுக் கையை எடுத்தார். அந்தக் கை முழுசும் தோளிலிருந்து விரல்வரை, துணி உலர்த்தும் கொடி காற்றில் அடிப்பதுபோல அடித்தது. ஸ்பூன் எங்கோ போய் விழுந்தது. அந்த முழுக் கையின் ஆட்டத்தை ஸ்பூனம்மாவும் அன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்தாள்.

"எப்பவுமே இப்படி ஒட்டி வெச்சுத்தான் செய்வீங்களா?"

"அப்படித்தான் செய்யணும் டாக்டர்."

"முதல் டெஸ்டப்பவும்?"

அவள் யோசித்தாள். "ஒட்டாம எப்படி டம்ளரைத் தூக்குறது?" என்றாள்.

சோதனை எடுத்த பெண் தரையில் கிடந்த ஸ்பூனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். ஸ்பூனம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். அவர் யார்மேலும் பழி போடவில்லை. மிஷின் கண்ட கையைப் பற்றித்தான் மிஷின் சொன்னது என்றார். அந்தக் கையில் மணிக்கட்டுதான் ஆடியது, மணிக்கட்டுக்குப் போட்டார்கள், மணிக்கட்டு அடங்கவும் செய்தது. ஆனால் பெரிய ஆட்டம் தோளில். அதை அவள் இத்தனை வருஷமாக விலாவில் அமுக்கி வைத்திருந்தாள். தோளுக்கு ஊசி போட்டால் கையைத் தூக்கவே முடியாது.

"விரல் பலம் திரும்ப வருமா?"

"வரும். ஊசி வேலை தீர்ந்ததும் வந்துடும். ஆனா மணிக்கட்டு நடுக்கமும் கூடவே வந்துடும்மா."

"மறுபடி போட்டா?"

"இப்ப பாத்த டெஸ்டு சொல்றதுதான் சரி. உங்களுக்குப் பலன் கிடைக்காது." டாக்டரே சொன்னார்: "அன்னைக்கே இதைப் பாத்திருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்."

ஸ்பூனம்மா ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அழவில்லை, அழுகிறவள் இல்லை. கைக்குட்டை விழாமல் ஊட்டியதற்காக வகுப்பில் எல்லார் முன்னாலும் தன்னைத்தான் ஆசிரியை பாராட்டினார் என்று பேருந்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இறங்கும் இடம் வந்ததும் இறங்கினாள்.

விரல் பலம் திரும்பும்வரை அக்கா பட்டினி கிடக்க முடியாது. மகள் கையில் வாங்கும் இரண்டு வாய் உயிரைப் பிடித்துவைக்கப் போதாது. கன்னம் ஒட்டிவிட்டது, கழுத்து எலும்பு துருத்திவிட்டது. ஸ்பூனம்மா தடித்த பிடி போட்ட ஸ்பூன் வாங்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் கனம் கட்டிப் பார்த்தாள். கடைசியில் ஸ்பூனையே பேண்டேஜ் துணியால் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முழங்கையைக் கட்டிலின் சட்டத்தில் ஊன்றி ஊட்டினாள். இல்லத்தில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அவளே கிண்ணத்தைப் பிடுங்கியிருப்பாள். அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். முகத்தில் பட்டதையெல்லாம் தங்கை துடைக்கத் துடைக்க, இடது கையால் இரண்டு தரம் தட்டித் தண்ணீர் கேட்டாள். இப்படியே கொஞ்ச நாள் ஓடியது.

ஒரு மத்தியானம் ஸ்பூன் வாய்க்குள் போன நேரத்தில் தோள் துள்ளியது. ஸ்பூன் பல்லில் இடித்தது, அக்கா கடித்துக்கொண்டாள், தலை பின்னால் சாய்ந்தது. ஸ்பூன் கையோடு கட்டியிருந்ததால் விட்டுவிட்டு எடுக்கவும் வழியில்லை. இழுத்தாள். மசியல் நாக்குக்குப் பின்னால் போயிற்று. இருமல் பெரிதாக வரவில்லை, அதுதான் மோசம். உதடு நீலமாக மாறியது. ஸ்பூனம்மா பேண்டேஜ் கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்து, அக்காவை முன்னால் குனிய வைத்து, முதுகில் தட்டி, வாய்க்குள் விரல் விட்டு வழித்தாள். செய்ய வேண்டியதெல்லாம் வரிசையாகச் செய்தாள். மூச்சு வந்தது. உதட்டில் நிறமும் வந்தது. அக்கா நிமிர்ந்ததும் இடது கையை உயர்த்தி விரலைச் சுண்டினாள். எழுந்து போ.

போகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் ஸ்பூனை எடுக்கவும் இல்லை.

காய்ச்சல் அடித்தது. நெஞ்சில் சளி கரகரத்தது. அக்கா மகள் வேலையிலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நுரையீரலுக்குள் சாப்பாடு போயிருக்கிறது என்றார்கள், இனி வாய் வழியாக ஒன்றும் கூடாது என்றார்கள். மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். ஸ்பூனம்மா பக்கத்தில் நின்று, அக்காவின் தலையைச் சரியான சாய்வில் பிடித்துக்கொண்டாள். அது ஆடாத வேலை, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் போதும். டியூபை மூக்குத்தண்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அக்கா அதைப் பொறுத்துக்கொண்டது சாயங்காலம்வரைதான். பிறகு இடது கையால் ஒரே இழுப்பு. மறுபடி போட்டார்கள். மறுபடி இழுத்தாள், இந்தத் தரம் மூக்கில் ரத்தம் வந்தது.

டியூட்டி நர்ஸ் பஞ்சு வைத்த கையுறையையும் கட்டுப் பட்டையையும் கொண்டுவந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு வார்டு முழுக்க வேலை இருந்தது. கையைக் கட்டட்டுமா என்று அக்கா மகளைக் கேட்டாள். அக்கா மகள் சித்தியைப் பார்த்தாள்.

"கூடவே உக்காந்து பிடிச்சுக்கிட்டா கட்டாம இருக்கலாமா?" என்று ஸ்பூனம்மா கேட்டாள்.

"ராத்திரி முழுக்கப் பிடிச்சுக்க முடியுமாம்மா உங்களால?" என்றாள் நர்ஸ். நக்கல் இல்லை. அவள் கண் ஸ்பூனம்மாவின் கையில் இருந்தது. அது கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, கம்பியோடு சேர்ந்து லேசாகக் கடகடத்தது.

"கட்டுங்க" என்றாள் ஸ்பூனம்மா.

மறுநாள் காலை வார்டைக் கூட்டிவிட்டுப் போனதும் அவள் வேலையைத் தொடங்கினாள். டியூபில் நேற்றுப் போட்ட குறி நகராமல் மூக்கருகேயே இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. தலைப்பக்கத்தை உயர்த்தினாள். திரவ உணவை அக்கா மகள் ஊற்றினாள். ஊசிக்குழாயை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, எப்போது நிறுத்துவது, கடைசியில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று ஸ்பூனம்மா சொல்ல, அவள் மறுபேச்சில்லாமல் செய்தாள். வாய் வழியாக ஒன்றும் போகாவிட்டாலும் வாயைச் சுத்தமாக வைக்க வேண்டும். ஸ்பூனம்மா விரலில் ஈரத் துணியைச் சுற்றி அக்காவின் ஈறையும் நாக்கையும் துடைத்தாள். அக்கா உதட்டை மூடி, அந்தத் துணியிலிருந்து எதையோ விழுங்கப் பார்த்தாள்.

பிறகு கட்டை அவிழ்த்துக் கையுறையைக் கழற்றினார்கள். கை வியர்த்து ஊறியிருந்தது. அக்கா மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, ஸ்பூனம்மா வெந்நீரில் நனைத்த துணியால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, இடுக்குகளை உலர்த்தி, மடக்கி நீட்டினாள். அக்காவின் கை அவளை ஒன்றும் கேட்கவில்லை. தட்டவும் இல்லை, சுண்டவும் இல்லை. மூக்கை நோக்கி மட்டும் எழும்பியது, மகள் பிடித்து இறக்கினாள். கையுறையைத் திரும்ப மாட்டினார்கள். பட்டையை முடிச்சுப் போட ஸ்பூனம்மாவின் விரலில் பலம் வரவில்லை. அக்கா மகள் போட்டாள். ஸ்பூனம்மா குனிந்து, பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று விட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள்.